எல்ம் மரமும் எட்டணா ஸ்டாம்பும்

பாஸ்டன் நகரத்தில் ஆரஞ்சு லைன் ரயிலைப் பிடித்து, சைனாடவுன் ஸ்டேஷனில் இறங்கி மேலே வந்தால் ஒரு முனை. வாஷிங்டன் தெருவும் எஸ்ஸெக்ஸ் தெருவும் சந்திக்கிற இடம். ஒரு பக்கம் நூடுல்ஸ் வாசனை, இன்னொரு பக்கம் சளி பிடிக்க வைக்கும் நவம்பர் காற்று. ஒரு மரத்தைப் பார்க்கத்தான் போனேன். மரம் இல்லை என்பது தெரிந்தேதான் போனேன். 1775-லேயே வெட்டி விறகாக்கிவிட்டார்கள். இப்போது அங்கே இருப்பது ஒரு சின்ன பிளாசாவும், பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி உயரத்தில் மரத்தைச் செதுக்கி வைத்த ஒரு புடைப்புச் சிற்பமும்தான். கழுத்து சுளுக்க அண்ணாந்தால் தெரியும். தெருவில் போகிற ஒருத்தரும் அண்ணாந்து பார்க்கவில்லை.

பாஸ்டன் என்றாலே எல்லோருக்கும் டீதான் ஞாபகம் வரும். 1773-ல் 342 பெட்டித் தேயிலையைக் கடலில் கொட்டிய கதை. (அந்தத் தேயிலை, நம்ம ஜார்ஜ் கோட்டையில் உட்கார்ந்திருந்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியின் சரக்கு. அங்கே கொட்டிவிட்டார்கள், நாம் குடிக்கப் பழகிக்கொண்டோம்.) ஆனால் டீக்கு எட்டு வருஷம் முன்னாலேயே சண்டை ஆரம்பித்துவிட்டது. காரணம், ஸ்டாம்ப்.

நாக்கால் நக்கி ஒட்டுகிற தபால் ஸ்டாம்ப் இல்லை. நம்ம பத்திரப்பதிவு ஆபீஸ் ஸ்டாம்ப் பேப்பரின் தாத்தா என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரான்ஸோடு நடந்த நீண்ட யுத்தத்தில் இங்கிலாந்தின் கஜானா காலி. அமெரிக்காவில் ராணுவத்தை நிறுத்தி வைக்கக் காசு வேண்டும். பிரதமர் ஜார்ஜ் கிரென்வில் ஒரு வழி கண்டுபிடித்தார். பத்திரம், உயில், லைசென்ஸ், பத்திரிகை எல்லாவற்றுக்கும் லண்டனிலிருந்து முத்திரை குத்தி வரும் காகிதத்தைத்தான் வாங்க வேண்டும். 1765 மார்ச்சில் சட்டம். நவம்பர் 1 முதல் அமல்.

அந்தப் பட்டியலைப் படித்தால் ஆள் எப்படி யோசித்திருக்கிறார் என்று தெரியும். சீட்டுக்கட்டுக்கு ஒரு ஷில்லிங். தாயக்கட்டை மாதிரி உருட்டுகிற பகடைக்குப் பத்து ஷில்லிங். காலேஜ் டிகிரிக்கு இரண்டு பவுண்ட். வக்கீல் தொழில் பண்ண லைசென்ஸ் எடுத்தால் பத்து பவுண்ட். பத்திரிகை அச்சடித்தால் தாளுக்கு அரை பென்னியோ ஒரு பென்னியோ. அதில் விளம்பரம் போட்டால் அதற்குத் தனியாக இரண்டு ஷில்லிங். அதாவது, படித்த பையன், வக்கீல், பத்திரிகைக்காரன், சீட்டாடுகிறவன்... ஊரில் யார் யாருக்கு வாய் நீளமோ அத்தனை பேரையும் ஒரே சட்டத்தில் கிள்ளியிருக்கிறார். திருவல்லிக்கேணி மேன்ஷன் முழுவதையும் ஒரே நாளில் பகைத்துக்கொண்ட மாதிரி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. பாஸ்டன்காரர்களுக்கு ஸ்டாம்ப் வரி புதுசே இல்லை. 1755-ல் அவர்கள் ஊர்ச் சட்டசபையே ஒரு ஸ்டாம்ப் வரி போட்டது. இரண்டு பென்னி முத்திரையில் காட் மீன் படம்கூட உண்டு. அதை முணுமுணுத்துக்கொண்டே கட்டினார்கள். அப்போது போட்டது தங்கள் ஓட்டு வாங்கியவர்கள். இப்போது போட்டது மூவாயிரம் மைலுக்கு அப்பால், இவர்கள் ஓட்டுப் போடாத பார்லிமெண்ட். கோபம் வரியின் மேல் அல்ல, கையெழுத்தின் மேல்.

1765 ஆகஸ்ட் 14 காலை. இதே முனையில் நின்ற பெரிய எல்ம் மரத்தில் ஒரு கொடும்பாவி தொங்கியது. ஸ்டாம்ப் விற்பனைக்கு நியமிக்கப்பட்ட ஆண்ட்ரூ ஆலிவருடையது. பக்கத்தில் ஒரு பெரிய பூட்ஸ். அதற்குள்ளிருந்து பிசாசு எட்டிப் பார்க்கிறது; பூட்ஸின் அடிப்பாகத்தில் பச்சைப் பெயிண்ட். பூட்ஸ் என்றால் ராஜாவுக்கு நெருக்கமான ப்யூட் பிரபு. பச்சை, 'கிரீன்' என்றால் கிரென்வில். சிலேடையிலேயே திட்டியிருக்கிறார்கள், நம்ம ஊர் கட்சி மேடை தோற்றது!

அப்போது ஊருக்குள் வர ஒரே தரைவழி இந்தத் தெருதான். காய்கறி வண்டியோடு வந்த விவசாயிகளை எல்லாம் மரத்தடியில் நிறுத்தி, சரக்குக்கு 'ஸ்டாம்ப்' குத்துகிற மாதிரி நடித்துவிட்டுத்தான் அனுப்பினார்களாம். சட்டம் என்ன என்று அவர்களுக்கு விளக்க இதைவிடச் சுருக்கமான வழி கிடையாது. சாயங்காலம் எபினேசர் மாக்கின்டாஷ் என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி தலைமையில் ஊர்வலம். ஸ்டாம்ப் ஆபீஸாகப் போகிறது என்று நினைத்த ஆலிவரின் கட்டடம் தரைமட்டம். அவர் வேலையை விடச் சம்மதித்தார். அது போதாதென்று டிசம்பரில் இதே மரத்தடிக்கு வரவழைத்து, எல்லோர் முன்னிலையிலும் மறுபடி ராஜினாமா சொல்ல வைத்தார்கள். ஒரு நாள்கூட ஸ்டாம்ப் விற்காத ஸ்டாம்ப் வெண்டர், பாவம்.

1766 மார்ச்சில் சட்டம் வாபஸ். செய்தி கப்பலில் பாஸ்டன் வந்து சேர்ந்தது மே 16. மரத்தில் 108 விளக்கு ஏற்றினார்கள். நம்ம கோயில் கணக்கு இல்லை. பார்லிமெண்ட்டில் 108 ஓட்டு வித்தியாசத்தில் சட்டம் தோற்ற கணக்கு.

அதே அமெரிக்காவில், 173 வருஷம் கழித்து, அதே மே 16-ஆம் தேதி சர்க்காரே ஸ்டாம்ப் விற்றது. ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள்!

1939. பாஸ்டனுக்கு மேற்கே சுமார் 400 மைலில் இருக்கும் ரோசெஸ்டர். கோடக் ஃபிலிம் பிறந்த ஊர். நாட்டில் ஒரு பக்கம் வேலையில்லாமல் பட்டினி, இன்னொரு பக்கம் விற்காமல் தேங்கும் வெண்ணெய், முட்டை, பீன்ஸ், ஆரஞ்சு. இரண்டையும் சேர்த்து வைக்க ஒரு ஸ்டாம்ப். ஒரு டாலர் கொடுத்தால் ஆரஞ்சு நிற ஸ்டாம்ப். எந்த உணவுப் பொருளும் வாங்கலாம். கூடவே இனாமாக ஐம்பது சென்ட்டுக்கு, அதாவது எட்டணாவுக்கு, நீல ஸ்டாம்ப். அதற்குத் தேங்கிப் போன சரக்கு மட்டும்தான். ஏழைக்கும் லாபம், விவசாயிக்கும் லாபம், மளிகைக்கடைக்கும் லாபம். எந்தக் குமாஸ்தா மூளையில் உதித்ததோ, கெட்டிக்காரன்.

யுத்த காலத்தில், 1943-ல், இது நின்றது. 1961-ல் கென்னடி மறுபடி ஆரம்பித்தார். முதல் புத்தகம் போனது மேற்கு வர்ஜீனியாவில் நிலக்கரிச் சுரங்க வேலை போன ஒருவர் குடும்பத்துக்கு. வீட்டில் 15 பேர், 95 டாலர் ஸ்டாம்ப். 1977 சட்டம், காசு கொடுத்து ஸ்டாம்ப் வாங்க வேண்டும் என்பதை எடுத்தது. (1979-ல் இலங்கை அரசு ரேஷன் அரிசியை எடுத்துவிட்டு உணவு முத்திரை கொடுத்தது தனிக்கதை.)

ஒரே கஷ்டம், கவுண்ட்டரில் புத்தகத்தைப் பிரித்துக் கிழித்துக் கொடுக்கும்போது பின்னால் நிற்கிற வரிசை முழுக்க வேடிக்கை பார்க்கும். நம்ம ஊர் ரேஷன் கடையில் கிளார்க்கும் வாத்தியாரும் ஒரே க்யூவில் நிற்பதால் அந்தக் கூச்சம் கொஞ்சம் கம்மி. அங்கே 2004-க்குள் நாடு முழுவதும் காகிதம் ஒழிந்து பிளாஸ்டிக் கார்டு வந்தது. 2008-ல் பெயரும் மாறி 'ஸ்நாப்' ஆனது. ஆனாலும் ஜனங்கள் வாயில் இன்னும் ஃபுட் ஸ்டாம்ப்தான். சுமார் நாலு கோடிப் பேர் அதை நம்பிச் சாப்பிடுகிறார்கள்.

நான் போன நேரம், 2025 நவம்பர் முதல் வாரம். அக்டோபர் 1 முதல் வாஷிங்டனில் பட்ஜெட் தகராறு, அரசாங்கத்துக்குப் பூட்டு. நவம்பர் 1 வந்தது, அந்த மாதத்து ஸ்நாப் பணம் வரவில்லை. தேதியைக் கவனித்தீர்களா? கிரென்வில்லின் சட்டம் அமலுக்கு வந்த அதே நவம்பர் 1. 260 வருஷம். பணத்தை நிறுத்தக் கூடாது என்று வழக்கு நடந்த கோர்ட்டுகளில் ஒன்றும் பாஸ்டனில்தான்.

தங்கியிருந்த இடத்துக்குப் பக்கத்து சூப்பர் மார்க்கெட்டில் பால் வாங்க நின்றேன். எனக்கு முன்னால் ஒருவர், முப்பது வயசு இருக்கும், கட்டட வேலை பூட்ஸ், தோளில் தூங்குகிற குழந்தை. வண்டியில் பால், முட்டை, ரொட்டி, ஆரஞ்சு, பிளாஸ்டிக் டப்பாவில் ஆறிப்போன முழுக்கோழி. ஆறிப்போனதுதான் கணக்கு. அதே கோழி சூடாக இருந்தால் கார்டில் வாங்க முடியாது. சூடான சாப்பாடு விதிக்குள் வராது. ஆற வைத்து ஃபிரிட்ஜில் வைத்தால் வரும்.

கார்டைத் தேய்த்தார். போன மாதத்து மிச்சம் பதினோரு டாலர் சொச்சம் என்றது மெஷின்.

கல்லாவில் இருந்த அம்மா அவர் முகத்தைப் பார்க்காமல், "எதை எடுக்கட்டும், கண்ணு?" என்கிற தோரணையில் மெதுவாகக் கேட்டார். முதலில் ஆரஞ்சு போயிற்று. அப்புறம் கோழி. கணக்குப் போட்டுப் பார்த்து ஆரஞ்சில் நாலை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார்.

எங்கள் வரிசையில் ஏழெட்டுப் பேர். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. எல்லோரும் அவரவர் செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

நவம்பர் 12-ஆம் தேதி ராத்திரி வாஷிங்டனில் பூட்டு திறந்தது. அதற்கு முன்பே நான் ஊர் வந்து சேர்ந்துவிட்டேன்.