முழுக்கைச் சட்டை

1984 டிசம்பரில் எனக்குப் பன்னிரண்டு வயது. எங்கள் ஊர் ஆண்டிபட்டித் தொகுதி. வேட்பாளர் எம்.ஜி.ஆரோ ப்ரூக்ளினில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தார். அக்டோபரில் சிறுநீரகம் பழுதாகி, பக்கவாதமும் தாக்கியிருந்தது. அண்ணன் மகள் லீலாவதி சிறுநீரகம் கொடுத்தார். அப்பா வாடகைக்கு டெக்கும் டி.வி.யும் பிடித்து, எம்.ஜி.ஆர். அங்கே சாப்பிடுகிற காட்சியை ஊர் ஊராகப் போட்டுக் காட்டினார். மந்தையில் கிழவிகள் டி.வி. பெட்டிக்கே திருஷ்டி கழித்தார்கள். ஒரு நாள்கூடப் பிரசாரத்துக்கு வராதவர் ஜெயித்தார். வாக்குப்பதிவு டிசம்பர் 24. மூன்று வருஷம் கழித்து அவர் இறந்ததும் அதே தேதியில்தான்.

அந்தத் தேர்தலில் பார்த்துப் படித்த வித்தையை அப்பாவிடமே காட்டினேன்.

1996 அக்டோபரில் உள்ளாட்சித் தேர்தல். அப்பா எங்கள் வார்டில் நின்றார். சர்க்கரை முற்றி, அவருக்கும் சிறுநீரகம்தான் போயிருந்தது. வாரம் இரண்டு தடவை மதுரைக்குப் போய் நாலு மணி நேரம் டயாலிசிஸ். அதற்காக இடது கையில் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்திருந்தார்கள். கயிறு முறுக்கினாற்போல் புடைத்திருக்கும். விரல் வைத்தால் உள்ளே வண்டு அடைபட்ட மாதிரி அதிரும். அம்மா தினமும் காலையில் தொட்டுப் பார்த்து, "ஓடுதுங்க" என்பாள். அதற்குப் பிறகுதான் காப்பி.

வாழ்நாள் முழுக்க அரைக்கைச் சட்டையே போட்டவருக்கு நான் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடுத்தேன். மீசைக்கு மை தீட்டி, வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்து நோட்டீஸ் அடித்தேன். "சொல்லிட்டே ஓட்டுக் கேப்போம்டா" என்றார் அப்பா. "நோயாளிக்கு எவன்ப்பா ஓட்டுப் போடுவான்?" என்று அடக்கினேன். எம்.ஜி.ஆருக்குப் போட்டார்களே என்று அவர் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்னிடம் பதில் கிடையாது.

ஜெயித்தார். இரண்டே கூட்டத்துக்குத்தான் போக முடிந்தது. தண்ணீர்க் குழாய்க்காக மேலத்தெருப் பெண்கள் குடத்தோடு வந்து, "அண்ணன் இருக்காகளா?" என்று கேட்கும்போதெல்லாம், "மதுரைக்குப் போயிருக்காக" என்பேன். பாதி நாள் அது பொய்யில்லை. மீதி நாள் அப்பா உள்அறையில் படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆறு மாதம் அந்தத் தெருவுக்குக் குழாய் வரவில்லை. ராஜினாமா எழுதிக் கொடுக்கிறேன் என்று இரண்டு தடவை காகிதம் கேட்டார். எடுத்துத் தரவில்லை.

அவர் போன அன்று கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அவசரத்தில் கையில் கிடைத்தது அந்தப் படம்தான். நடுவீட்டில் மாலை போட்டிருப்பதும் அதுவே. பேரப்பிள்ளைகளுக்குத் தெரிந்த தாத்தா, மீசையில் மை பூசி மணிக்கட்டுவரை பொத்தான் போட்டவர்.

அம்மா அதைப் பற்றி என்னிடம் எதுவும் கேட்டதில்லை. திதி வந்தால் படையலுக்குச் சட்டை எடுக்க அவளே கடைக்குப் போகிறாள். என்னை அனுப்புவதில்லை. ஒவ்வொரு வருஷமும் அரைக்கைதான் எடுத்து வருகிறாள்.