சாவித்திரி ஆற்றைக் கடக்கும் சாலை

பன்வேலைத் தாண்டிக் கர்நாளா காட்டை நெருங்கும்போதே மும்பை-கோவா நெடுஞ்சாலை தன் மழைக்கால முகத்தைக் காட்டத் தொடங்கிவிடுகிறது. ஒரு பக்கம் முகில் மூடிய சஹ்யாத்ரி. மறுபக்கம் நீர் தேங்கிய நெல் வயல்கள். ஜூனில் வைப்பரை முடுக்கினால் செப்டம்பர் வரை ஓய்வில்லை. ஒரு பருவத்தில் மட்டும் ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழையை வாங்கிக்கொள்ளும் பூமி இது.

இந்த அடைமழையில்தான் கொங்கணத்தின் பெரிய பயணமும் நடக்கிறது. மும்பையில் பிழைப்புத் தேடிப் போனவர்களை ஊரார் ‘சாகர்மானி’ என்பார்கள். எங்கே வேலை பார்த்தாலும் விநாயகர் சதுர்த்திக்குச் சொந்த வீட்டில் இருந்தாக வேண்டும். பேருந்திலும் காரிலும் குடும்பம் குடும்பமாகத் தெற்கே கிளம்புகிறார்கள். சாலையை நான்கு வழியாக்கும் வேலை 2011-இல் தொடங்கிப் பத்தாண்டு கடந்தும் இழுபட்டது. வழுவழுப்பான கான்கிரீட்டில் பறந்த கார், அடுத்த நிமிடமே மாற்றுப்பாதைப் பள்ளத்தில் விழுந்து எழுந்த அனுபவம் இங்கே பலருக்கும் உண்டு.

மஹாட் அருகே வண்டிகள் தாமாகவே வேகத்தைக் குறைக்கின்றன. 2016 ஆகஸ்ட் 2-ஆம் தேதி, நள்ளிரவை நெருங்கும் நேரம். சாவித்திரி ஆற்றின் மேலிருந்த ஆங்கிலேயர் காலத்துக் கல்பாலம் வெள்ளத்தில் இடிந்தது. இரண்டு அரசுப் பேருந்துகளும் ஒரு காரும் ஆற்றோடு போயின. ஓட்டுநர்கள் யாரும் கண்மூடித்தனமாக ஓட்டியதாகச் சொல்ல முடியாது. இருட்டு, கொட்டும் மழை, எதிரே பாலம் இருக்கிறது என்ற வழக்கமான நம்பிக்கை. பக்கத்துப் பட்டறையில் இருந்த ஒருவர் பாலம் போனதை உணர்ந்து, ஓடிவந்து அடுத்து வந்த வண்டிகளை நிறுத்தினார். பல உயிர்கள் அப்படித்தான் தப்பின. புதிய பாலம் 2017 ஜூனில் திறக்கப்பட்டது.

சாவித்திரி பிறப்பது மஹாபலேஷ்வர் மலையில். அங்கே கொட்டும் மழை சில மணி நேரத்தில் மஹாடுக்கு வந்துவிடும். பாலத்தருகே தூறல்தானே என்று அலட்சியமாக இருக்க முடியாது. கலங்கிய நீர், மிதந்து வரும் மரக்கிளை, கரையில் கூடி நிற்கும் கூட்டம் - இவைதான் எச்சரிக்கைப் பலகைகள். சாலைமேல் நீர் ஓடினால் அதைக் கடக்கத் துணியக் கூடாது. ஓடும் நீர் ஓரடி உயரம் இருந்தாலே சிறிய காரைத் தூக்கிவிடும்.

போலாத்பூருக்குத் தெற்கே காஷேடி மலை. வளைவுகளைத் தவிர்க்க இப்போது சுரங்கப்பாதை உண்டு. ஆனால் சிப்ளூனுக்கு முன்னால் பரசுராம் மலைச்சரிவு காத்திருக்கிறது. பரசுராமர் கடலைப் பின்வாங்கச் செய்து கொங்கணத்தைப் படைத்ததாக ஐதீகம். அவர் பெயரிலுள்ள மலையோ மழையில் சாலைமேல் சரிகிறது. 2022 ஜூலையில் மண்சரிவால் இந்தப் பாதையையே மூட நேர்ந்தது. புதிதாக வெட்டிய சரிவின் அடியில் வண்டியை நிறுத்தி அருவியைப் படமெடுப்பது ஆபத்தை வலிய அழைப்பதாகும்.

இறக்கத்தில் தாழ்ந்த கியரே துணை. பிரேக்கை ஓயாமல் மிதித்தால் அது சூடேறிப் பிடிமானத்தை இழக்கும். தேய்ந்த டயரில் நீர் வெளியேற வழியில்லாததால், வேகம் கூடும்போது சக்கரம் நீர்ப்படலத்தின் மேல் மிதக்கும். ஸ்டியரிங் திடீரென்று இலேசாவது அதன் அறிகுறி. அப்போது பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். முகப்பு விளக்கைத் தாழ்த்தியே எரிக்க வேண்டும். உயர்த்தினால் மழைத்துளிகள் வெள்ளைச் சுவராகிவிடும். ஓடும்போதே நான்கு இண்டிகேட்டர்களையும் சிமிட்டவிடுவது பலரின் பழக்கம். வண்டி நிற்கிறதா, திரும்புகிறதா என்று பின்னால் வருபவருக்குப் புரியாது.

எல்லாவற்றுக்கும் மேலானது ஒரு எளிய கணக்கு: விளக்கு வெளிச்சம் எட்டும் தூரத்துக்குள் நிறுத்த முடிகிற வேகமே மழை இரவின் வேகம். அதுவும் முடியாதபோது ஒரு தாபாவில் ஒதுங்கி, சூடாக வடா-பாவ் தின்று, மழை தணியக் காத்திருப்பதே மேல். வீட்டில் கணபதி ஒரு மணி நேரம் பொறுத்துக்கொள்வார்.