திருநீற்றுப் புதனும் ஒரு புகைப்படமும்

தவக்காலம் திருநீற்றுப் புதனுடன் தொடங்குகின்றது. சென்ற ஆண்டுக் குருத்தோலை ஞாயிறன்று கையில் ஏந்திய ஓலைகளை எரித்து, அந்தச் சாம்பலைக் குருவானவர் நெற்றியில் பூசுவார். மண்ணிலிருந்து வந்தவன் மண்ணுக்கே திரும்புவான் என்பதை நினைவூட்டுவார், அல்லது மனந்திரும்பும்படி சொல்லுவார். இலங்கையில் இந்நாளை விபூதிப் புதன் என்றும் அழைப்பதுண்டு. அந்த ஒரு சொல்லில் எனக்கு ஒரு கடன் இருக்கின்றது.

1982 பெப்ரவரி 24. அன்று விபூதிப் புதன். பதுளை புனித மரியாள் பேராலயத்தில் காலைத் திருப்பலியில் சாம்பல் பூசிக்கொண்டேன். பதுளை மறைமாவட்டம் 1972இல் உருவாகிப் பத்தாவது ஆண்டு. தோட்டத் தொழிலாளருக்காகப் பேசிய லியோ நாணயக்கார ஆண்டகை அதன் முதல் ஆயர். நான் கொழும்புப் பத்திரிகை ஒன்றுக்குப் பதுளையிலிருந்து செய்தி அனுப்பும் இளைஞன்.

அன்று மாலை புகையிரத நிலையத்துக்குச் சென்றேன். 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974இல் பாதிபாதியாகப் பிரித்தார்கள். கணக்கில் அது எண்ணிக்கை. புகையிரத மேடையில் அது தாயும் மகனும். தலைமன்னார் சென்று, கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கப் போகிறவர்களை வழியனுப்ப வந்தவர்கள் மாரில் அடித்துக்கொண்டு அழுதார்கள். மலையகத்தார் அந்த வண்டிக்கு ஒப்பாரிக் கோச்சி என்று பெயர் வைத்ததில் மிகையில்லை.

பசறைப் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்திருந்த ஒரு தாயுடன் பேசினேன். மகனும் மருமகளும் இரண்டு குழந்தைகளும் போகிறார்கள். அவருக்கு இங்கேயே இருக்க விதி. கடவுச்சீட்டுக்காக அந்த நால்வரும் எடுத்த படத்தின் ஒரு பிரதியை முந்தானையில் சுற்றி வைத்திருந்தார். என்னிடம் கமெரா கிடையாது. அந்தப் படத்தைக் கேட்டேன். பத்திரிகையில் போட்டுவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். காலையில் இட்ட சாம்பல் சிலுவை வியர்வையில் கலைந்து ஒரு தீற்றலாகியிருந்தது.

"நெத்தியில துன்னூறு பூசியிருக்கீங்க தம்பி. ஏமாத்த மாட்டீங்க" என்று சொல்லிப் படத்தைத் தந்தார்.

நான் அவரைத் திருத்தவில்லை. திருத்த வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. இருவருக்கும் அது சாம்பல்தான்.

கட்டுரையும் படமும் வெளிவந்தன. பாராட்டும் கிடைத்தது. மூன்று வாரங்களில் படம் தபாலில் எனக்குத் திரும்பி வந்தது. அதை மேசை இழுப்பறையில் வைத்தேன். பசறைக்குப் பஸ்ஸில் ஒரு மணி நேரப் பயணந்தான். அடுத்த ஞாயிறு போகலாம் என்றிருந்தேன். அந்த ஞாயிறு வரவேயில்லை.

1983 ஜூலை 27ஆம் திகதி பதுளையில் தமிழர்களின் கடைகளும் வீடுகளும் எரிந்தன. ஒரு பையுடன் நான் ஊரைவிட்டு வெளியேறினேன். படத்தைத் திருப்பிக் கொடுக்காததற்குக் கலவரமே காரணம் என்று நீண்டகாலம் எனக்கு நானே சொல்லிவந்தேன். ஆனால் 1982 பெப்ரவரிக்கும் 1983 ஜூலைக்கும் இடையில் 17 மாதங்கள். அந்த 17 மாதங்களில் எந்தக் கலவரமும் என் வழியை மறிக்கவில்லை.

1994இல் அந்த லயத்தைத் தேடிச் சென்றேன். அவருடைய காம்பராவில் வேறொரு குடும்பம் இருந்தது. அவர் இறந்து ஆறு ஆண்டுகள் என்றார்கள். பக்கத்துக் காம்பராப் பெண் என்னை உற்றுப் பார்த்துவிட்டு, "அந்தப் பேப்பர்காரத் தம்பியா நீங்க? வந்தாரான்னு கேட்டுக்கிட்டே இருந்திச்சே" என்றார். அதில் கோபம் இல்லை. இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

விபூதிப் புதனன்று வாசிக்கப்படும் நற்செய்தி, நோன்பிருப்பவன் அதைப் பிறருக்குக் காட்டாமல் முகத்தைக் கழுவிக்கொள்ள வேண்டும் என்கிறது. அதைக் கேட்ட கையோடு நாம் நெற்றியில் சாம்பல் பூசிக்கொள்கிறோம். அந்த முரண் எனக்கு வெகுகாலம் விளங்கவில்லை. இப்போது சற்று விளங்குகின்றது. சாம்பலைக் காண்கிறவர் நம்மை நம்பிவிடுகிறார். அந்த நம்பிக்கைக்கு நாம் பொறுப்பாளியாகிறோம். பூசிக்கொள்ளாமலே இருந்திருந்தால் அந்தத் தாய் படத்தைத் தந்திருக்கமாட்டார்.

அதே மத்தேயு நற்செய்தியில், சகோதரனுக்கு உன்மேல் குறை இருந்தால் காணிக்கையைப் பீடத்தடியில் வைத்துவிட்டு, முதலில் அவனிடம் போய் நல்லுறவாகு என்ற போதனையும் உண்டு. நான் பாவசங்கீர்த்தனம் செய்தேன். மன்னிப்புக் கிடைத்தது. படம் என்னிடமே இருக்கின்றது. ஆண்டுதோறும் இந்நாளில் அதை வெளியே எடுத்துப் பார்க்கிறேன். மற்றைய நாட்களில் அதைப் பார்க்கும் துணிவு எனக்கில்லை.

தாயகம் திரும்பியோர் கூடலூரிலும் கோத்தகிரியிலும் தமிழகத்தின் வேறு பல ஊர்களிலும் குடியேறினார்கள். இதை வாசிக்கும் யாரேனும் 1982 பெப்ரவரியில் பதுளையில் வண்டியேறிய குடும்பத்தவராக இருக்கலாம். படத்தில் சிறுமிக்கு இரட்டைப் பின்னல். சிறுவன் கமெராவைப் பாராமல் தகப்பனின் கையைப் பார்க்கிறான். இப்போது இருவரும் ஐம்பதை ஒட்டிய வயதினராக இருப்பார்கள். பெயர்களை நான் இங்கே எழுதவில்லை, அவர்களே சொல்லட்டும்.

இது அவர்களுடைய பாட்டியின் சொத்து. தபாலில் அனுப்பமாட்டேன். நானே கொண்டுவந்து தருவேன்.