சித்தி சொன்ன சாட்சி

மலேசியாவில் சம்பளக்காரர்கள் வருமான வரிப் படிவத்தை இணையத்தில் அனுப்ப மே 15 வரை அவகாசம் உண்டு. என் சித்தி மகன் அதை அன்று இரவு பதினொன்றரைக்கு மேல்தான் அனுப்புவான். ரசீதுகளை மார்ச்சிலேயே கோப்பில் அடுக்கியிருப்பான். கோப்பை எங்கே வைத்தான் என்பதுதான் மறந்திருக்கும். பங்சாரில் தெலாவிப் பக்கம் அவன் அலுவலகம். பார்க்கிங் கட்டணம் கட்ட மறந்து வாங்கிய சமன் சீட்டுகள் கார் கண்ணாடிக்குக் கீழே வெயிலில் பழுப்பேறிக் கிடக்கும். அதே ஆள் பழைய ரேடியோ ஒன்றைப் பிரித்துப் போட்டு உட்கார்ந்தால் மனைவி கூப்பிடுவதுகூடக் காதில் ஏறாது. கவனம் அவனிடம் தாராளமாக உண்டு. கூப்பிட்ட இடத்துக்கு வராது, அவ்வளவுதான்.

அவனுக்கு ஏ.டி.எச்.டி. எனும் கவனக் குறைபாடு இருக்கலாம் என்ற பேச்சே மகளால் வந்தது. பள்ளியில் சொன்னார்கள் என்று அவளை மருத்துவரிடம் கூட்டிப் போயிருந்தான். பிள்ளையைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தவர், "அப்பா எப்படி?" என்று இவன் பக்கம் திரும்பினாராம். இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகள் இதில் மரபின் பங்கு 70 விழுக்காட்டுக்கு மேல் என்கின்றன. திரும்பாமல் என்ன செய்வார்?

வளர்ந்தவர்களிடம் இது ஓடித் திரியும் துறுதுறுப்பாகத் தெரிவதில்லை. மேசைக்கடியில் கால் ஆடும். எதிராளி பேசி முடிப்பதற்குள் பதில் வந்து விழும். இரத்தத்திலோ ஸ்கேனிலோ அகப்படாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் 18 கேள்விப் பட்டியல் ஒன்று உண்டு. அதன் முதல் 6 கேள்விகள் முதற்கட்டச் சோதனைக்கு மட்டும். கண்டறிவதெல்லாம் உட்கார்ந்து பேசித்தான். தைராய்டு, தூக்கமின்மை, மனச்சோர்வு எல்லாமே இதே வேஷத்தில் வரக்கூடும். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் 2013 வரையறைப்படி, பிள்ளைகளுக்கு ஆறு அறிகுறி வேண்டும் என்றால் பெரியவர்களுக்கு ஐந்து போதும். ஆனால் அவற்றில் சில 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். கைப்பேசியை நோண்டிப் புத்தி சிதறிய எல்லோரும் தங்களுக்கும் இதுதான் என்று சொல்லிக்கொள்ளும் காலத்தில், இந்தக் கறார் எனக்குப் பிடித்திருக்கிறது.

நாற்பதைத் தாண்டியவனின் பன்னிரண்டு வயதுக்கு யார் சாட்சி? பள்ளி அறிக்கை அட்டைகளெல்லாம் வீடு மாறியதில் போய்விட்டன. அம்மாவை அழைத்து வரச் சொன்னார் மருத்துவர். கிள்ளானிலிருந்து சித்தியைக் கூட்டி வந்தோம்.

"கடைக்கு அனுப்புனா சாமானும் வராது, மிச்சக் காசும் வராது, இவனும் வரமாட்டான் டாக்டர்" என்று ஆரம்பித்தார் சித்தி. "சப்பாத்துல ஒண்ணைப் போட்டுக்கிட்டு இன்னொண்ணைத் தேடப் போவான். போன இடத்துல பூனைகூட விளையாடிக்கிட்டிருப்பான். ஸ்கூல் பஸ் போயிடும்." காலம் காலமாக நாங்கள் கேட்டுச் சிரித்த திட்டுகள். மருத்துவர் சிரிக்கவில்லை. ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார்.

மருந்து எழுதிக் கொடுத்திருக்கிறார். மெதில்ஃபெனிடேட் மலேசியாவில் கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. மருத்துவர் சீட்டு இல்லாமல் வாங்க முடியாது. கைப்பேசியில் நேரத்துக்கு ஒரு அலாரமும் வைத்திருக்கிறான்.

அலாரத்தைப் பற்றிக் கேட்டதும் சித்திக்குக் காலையில் ஆள் கூட்ட அடிக்கும் பெரட்டு மணி ஞாபகம் வந்துவிட்டது. தோட்டத்தில் பால்மரம் சீவியவர். "எனக்கும் எதுவும் நிக்காதுடி. மணி அடிச்சா எழுந்திருப்பேன். என் நிரை எதுன்னு கங்காணி சொல்லிடுவான். மரத்துக்கு மரம் போனா போதும், மங்கு கண்ணு முன்னாடி இருக்கும்." தோட்ட வாழ்க்கையைப் புகழ நான் ஆளில்லை, அந்த மணிக்குக் கொடுத்த விலை எங்கள் குடும்பத்துக்குத் தெரியும். ஆனாலும் அவர் சொல்வதில் விஷயம் இருக்கிறது. அவருடைய நாளை யாரோ வகுத்துத் தந்தார்கள். குறை வெளியே தெரியவில்லை. பங்சாரும் ஒரு காலத்தில் புங்கே-கிரிசார் ரப்பர் தோட்டமாக இருந்த இடம்தான். இன்று அதே மண்ணில் எழுந்த மாடி அலுவலகத்தில் மகன் தன் நாளைத் தானே வகுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இன்னொன்று, அடங்கி உட்கார்ந்து சன்னலைப் பார்க்கும் பெண்பிள்ளைகளிடம் இந்தக் குறை கண்ணில் படாமலே போவதும் உண்டு. சித்தி படித்த காலத்தில் யார் பார்த்திருப்பார்கள்?

லிப்டுக்குக் காத்திருந்தபோது, "அந்தக் கேள்வித் தாளு எனக்கும் ஒண்ணு வாங்கிட்டு வா" என்றார்.

"உங்களுக்கு யார் சித்தி சாட்சி சொல்றது?"

"ஏன், உங்கம்மா இருக்காளே. சின்ன வயசுல அக்கா என்னைத் திட்டாத நாளு ஏது?"