சேனல் 42

2004இல் அமெரிக்க மாதிரி விமானச் சங்கத்தின் ஆண்டுச் சந்தா 58 டாலர். அதைக் கட்ட மாட்டேன் என்று நான் பிடிவாதமாக இருந்தேன். அந்தப் பிடிவாதத்தால் ஒரு பெரியவர் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து செய்த விமானம் நொறுங்கியது. அதற்குப் பிறகு நான் அவரிடம் பொய்யும் சொன்னேன். அந்தச் சந்தாவுக்கு மதிப்பு உண்டா என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் மாதிரி விமானம் பறக்கவிடுகிறவர்களுக்கு ஒரு தேசியச் சங்கம் உண்டு. அகாடமி ஆஃப் மாடல் ஏரோநாட்டிக்ஸ் என்பது முழுப் பெயர், ஏ.எம்.ஏ. என்றுதான் எல்லாரும் சொல்வார்கள். 1936இல் தொடங்கியது. தலைமையகம் இண்டியானா மாநிலத்தில், மன்சி என்ற ஊரில் இருக்கிறது. ஆயிரம் ஏக்கர் பரப்பில் பறக்கும் மைதானங்களும் ஓர் அருங்காட்சியகமும் அங்கே உண்டு. நான் குடியிருந்தது இண்டியானாபொலிஸின் வடக்குப் புறநகரில். மன்சிக்குக் காரில் ஒரு மணி நேரம். உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் தேடி வரும் அந்த இடத்துக்கு நான் நான்கு வருடம் போகவே இல்லை.

இந்த ஆசை எனக்குக் கோவையில் பிடித்தது. கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் இருந்தேன். அங்கே இரண்டு கம்பிகளில் கட்டிய சின்ன விமானத்தை நடுவில் நின்று சுற்றவிடுவோம். வட்டத்தை விட்டு அது வெளியே போகாது. கம்பி இல்லாமல் ஒன்றைப் பறக்கவிட வேண்டும் என்று அன்றைக்கே நினைத்தேன். ரேடியோ விமானத்தின் விலை அன்று என் கைக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. வேலைக்காக அமெரிக்கா வந்து, வீடு வாங்கி, கையில் கொஞ்சம் பணம் சேர்ந்ததும் முதலில் வாங்கியது அதைத்தான். மெத்தனாலில் ஓடும் சிறிய எஞ்சின். எரிபொருளில் விளக்கெண்ணெய் கலந்திருக்கும். எஞ்சின் சூடானதும் வரும் அந்த வாசனையில் எனக்குப் பாட்டி வீடு நினைவுக்கு வரும்.

விற்ற கடைக்காரர் சொன்னார்: பக்கத்திலேயே ஒரு கிளப் இருக்கிறது, ஏ.எம்.ஏ.வில் சேர்ந்துவிட்டு அங்கே போய்ப் பழகுங்கள் என்று. நான் கணக்குப் போட்டேன். தேசியச் சங்கத்துக்கு ஒரு சந்தா, கிளப்புக்கு ஒரு சந்தா. பதிலுக்கு என்ன? ஒரு பத்திரிகை, ஒரு காப்பீடு. வீட்டுக் காப்பீடுதான் எனக்கு ஏற்கெனவே இருக்கிறதே. ரேடியோவுக்கு உரிமம் வாங்கச் சட்டம் கேட்கவில்லை. என் பணத்தில் வாங்கிய விமானத்தை, யாருக்கும் சொந்தமில்லாத வானத்தில் பறக்கவிட இன்னொருவனுக்கு ஏன் கப்பம் கட்ட வேண்டும்? சட்டப்படி நான் நினைத்தது சரி.

சனிக்கிழமை காலைகளில் ஒரு பள்ளி மைதானத்துக்குப் போவேன். சுற்றிலும் மக்காச்சோள வயல். ஆள் நடமாட்டம் இருக்காது. கணினியில் விமானம் ஓட்டி இரண்டு மாதம் பழகியிருந்தேன். மூன்று முறை விழுந்து, மூன்று முறை ஒட்டி, நான்காவது தடவை ஒழுங்காக இறக்கினேன். அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைப் பங்கு போட்டுக்கொள்ளப் பக்கத்தில் ஒருவர்கூட இல்லை.

இப்போதைய ரேடியோக்களோடு பழகியவர்களுக்கு இனி வருவது கொஞ்சம் புதிதாக இருக்கும். அந்தக் காலத்தில் அமெரிக்காவில் மாதிரி விமானங்கள் 72 மெகாஹெர்ட்ஸ் அலையில் ஓடின. 11 முதல் 60 வரை ஐம்பது சேனல்கள். ஒவ்வொரு ரேடியோவும் வாங்கும்போதே ஒரு சேனலோடு வரும். என்னுடையது 42. ஒரே சேனலில் இரண்டு ரேடியோக்கள் ஒரே சமயத்தில் ஓடினால் விமானம் யார் பேச்சைக் கேட்பது என்று தெரியாமல் தடுமாறும், பெரும்பாலும் விழுந்துவிடும். அதனால் ஒவ்வொரு கிளப்பிலும் ஒரு பலகை இருக்கும். அதில் சேனல் எண் எழுதிய துணிக் கிளிப்புகள் மாட்டியிருக்கும். உங்கள் எண்ணுள்ள கிளிப்பை எடுத்து ஆன்டெனாவில் மாட்டிய பிறகுதான் ரேடியோவைப் போட வேண்டும். கிளிப் பலகையில் இல்லையென்றால் யாரோ அந்தச் சேனலில் பறக்கிறார் என்று அர்த்தம், காத்திருக்க வேண்டும். மூன்று மைல் தொலைவுக்குள் இன்னொரு பறக்கும் மைதானம் இருந்தால், இரண்டு தரப்பும் பேசிச் சேனல்களைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்பது ஏ.எம்.ஏ.வின் அன்றைய பாதுகாப்பு விதி.

எனக்கு இதில் எதுவும் தெரியாது. அந்தப் பள்ளி மைதானத்திலிருந்து ஒன்றேகால் மைலில் கிளப்பின் மைதானம் இருக்கிறது என்பதும் தெரியாது. நடுவில் ஒரு மரத்தோப்பு மறைத்திருந்தது.

ஜூலையில் ஒரு சனிக்கிழமை. பத்து மணி இருபது நிமிடம் இருக்கும். அப்போதுதான் கடிகாரத்தைப் பார்த்திருந்தேன். நேராகப் போய்க்கொண்டிருந்த என் விமானம் திடீரென்று இறக்கையை உதறியது. மறுபடி ஒரு உதறல். பேட்டரி தீர்கிறது என்று நினைத்து அவசரமாக இறக்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து பேட்டரியை அளந்து பார்த்தேன். முக்கால்வாசி மிச்சமிருந்தது.

அடுத்த சனிக்கிழமை நான் காரிலிருந்து இறங்கும்போது ஒரு பழைய பிக்கப் வண்டி வந்து நின்றது. எழுபதை நெருங்கும் ஒரு பெரியவர் இறங்கினார். இங்கே யாரோ விமானம் விடுவதாகப் பக்கத்து விவசாயி சொன்னாராம். வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து காட்டினார். மஞ்சள் நிற பைப்பர் கப். அசல் விமானத்தின் கால் பங்கு அளவு. இறக்கை முழுசாக இருந்தபோது கிட்டத்தட்ட ஒன்பது அடி இருந்திருக்கும். இப்போது பால்சா மர விலாக்கள் மீன்முள் மாதிரி துணியைக் கிழித்துக்கொண்டு நின்றன. ஒரு விலாவில் பென்சிலால் தேதி எழுதியிருந்தது: 2003, பிப்ரவரி 9. ஒவ்வொரு விலாவையும் வெட்டிய தேதியை அதன் மேலேயே எழுதிவைப்பது அவர் வழக்கம்.

“உங்கள் ரேடியோ எந்தச் சேனல்?” என்று கேட்டார். குரலில் கோபம் இல்லை.

ரேடியோ காரின் டிக்கியில் இருந்தது. அவர் பார்க்க வழியில்லை. எனக்கு அந்த உதறல் நினைவுக்கு வந்தது. பத்து இருபது என்ற நேரமும் நினைவுக்கு வந்தது. இந்த விமானத்துக்கு எத்தனை நூறு டாலர் கேட்பாரோ என்ற பயமும் வந்தது.

“50” என்றேன்.

அவர் தலையாட்டினார். “அப்படியானால் என்னுடைய தவறுதான்” என்றார். போகும்போது, தனியாகப் பறக்க வேண்டாம், கிளப்புக்கு வாருங்கள், கற்றுக்கொடுக்க ஆள் இருக்கிறது என்று சொல்லி வழியும் சொல்லிவிட்டுப் போனார்.

அந்தக் குளிர்காலத்தில் நான் சேனல் 50இல் ஒரு புது ரேடியோ வாங்கினேன். பழையது நன்றாகத்தான் வேலை செய்தது. 58 டாலர் கொடுக்க மனமில்லாதவன், பொய்யைக் காப்பாற்ற அதைப் போல மூன்று மடங்கு செலவு செய்தேன். வசந்தத்தில் ஏ.எம்.ஏ.வில் சேர்ந்து கிளப்புக்குப் போனேன்.

எனக்குப் பயிற்சி கொடுத்தவர் அதே பெரியவர். இரண்டு ரேடியோக்களையும் ஒரு கேபிளால் இணைத்துவிடுவார்கள். ஆசிரியர் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்திருக்கும் வரை விமானம் மாணவன் கையில்; விமானம் நிலைகுலைந்தால் பொத்தானை விடுவார், அந்த நொடியே விமானம் அவர் கைக்குப் போய்விடும். தனியாக இரண்டு மாதத்தில் நான் கற்றதைவிட அந்தக் கேபிளோடு இரண்டு காலைப்பொழுதுகளில் அதிகம் கற்றேன். எல்லாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். எனக்கு வாய் வராது. சார் என்றே கூப்பிட்டேன்.

கிளப்பில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வயரிங் வேலையிலேயே 34 வருடம் இருந்து ஓய்வுபெற்ற அந்தப் பெரியவர், தன் விமானங்களுக்குத் தானே சால்டர் வைக்க மாட்டார். யாரிடமாவது கொடுத்துச் செய்வார். கப் விழுந்த பிறகு உடைசலைப் பிரித்துப் பார்த்தபோது ஓர் இணைப்பில் ஈயம் மங்கலாகத் தெரிந்ததாம். காரணம் அதுதான் என்று முடிவுகட்டிவிட்டார். அந்தக் குளிர்காலம் முழுக்கத் தன் எல்லா விமானங்களின் வயரையும் பிடுங்கி, வேறு ஒருவரை வைத்து மாற்றியிருந்தார். “கைக்கு வயதாகிவிட்டது” என்று சொல்வார்.

அதைக் கேட்டுக்கொண்டு இரண்டு பருவம் நான் அவர் பக்கத்திலேயே நின்றேன்.

2006 அக்டோபரில் ஒரு நாள், அவர் வீட்டுக் கராஜில், ஒரு பேட்டரி கனெக்டருக்குச் சால்டர் வைக்கச் சொல்லி சால்டரிங் அயர்னை என் கையில் கொடுத்தார். அதைத் தாங்கியில் திரும்ப வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சேனல் 42, அந்த உதறல், டிக்கியில் இருந்த ரேடியோ, 50 என்ற பொய்.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். “எத்தனை மணிக்கு?”

சொன்னேன். அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தார். ஒவ்வொரு விமானத்துக்கும் அதில் தனிப் பக்கம். கப்பின் பக்கத்தைத் திருப்பி, கடைசி வரியில் இருந்த ‘மோசமான சால்டர்’ என்பதை அடித்துவிட்டு, சேனலையும் நேரத்தையும் எழுதினார். பிறகு அயர்னை எடுத்து அந்த கனெக்டருக்குத் தானே சால்டர் வைத்தார். அன்று வேறு எதுவும் பேசவில்லை. விமானத்துக்கு ஈடாகப் பணம் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று கையை மட்டும் அசைத்தார். அடுத்த ஏப்ரலில்தான் என்னோடு பழையபடி பேசினார்.

இன்றைக்கு இந்தக் கதை நடக்க வாய்ப்பில்லை. 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்கள் வந்து கிளிப் பலகைகளுக்கு வேலை இல்லாமல் போய்விட்டது. அப்படியானால் சங்கம் எதற்கு என்று புதியவர்கள் கேட்கிறார்கள். நானும் அதே கேள்வியோடுதான் தொடங்கினேன் என்பதால் மழுப்பாமல் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்.

காப்பீட்டைப் பற்றித்தான் எல்லாரும் முதலில் பேசுவார்கள். 25 லட்சம் டாலர் வரை பொறுப்புக் காப்பீடு. ஆனால் உங்களுக்கு வீட்டுக் காப்பீடு இருந்தால் முதலில் அதுதான் பதில் சொல்ல வேண்டும். அதற்குப் பிறகுதான் ஏ.எம்.ஏ. வரும். எனக்கு ஏற்கெனவே காப்பீடு இருக்கிறது என்று நான் போட்ட கணக்கு அந்த அளவில் தப்பில்லை. நான் பார்க்கத் தவறியது நிலத்துக்காரரை. எங்கள் மைதானம் ஒரு விவசாயியின் நிலம். அவருடைய நிலத்துக்கும் சேர்த்துக் காப்பீடு இருக்கிறது என்ற காகிதத்தைக் காட்டியதால்தான் அவர் குத்தகைக்குக் கொடுத்தார். அந்தக் காகிதம் இல்லாமல் எந்த விவசாயியும் எந்தப் பூங்கா நிர்வாகமும் முப்பது பேர் விமானம் விட இடம் தராது. சந்தாவில் நாம் வாங்குவது முக்கியமாக ஓடுபாதையை.

அடுத்தது சட்டம். 2015 டிசம்பரில் எஃப்.ஏ.ஏ., அதாவது விமானப் போக்குவரத்துத் துறை, 250 கிராமுக்கு மேற்பட்ட விமானம் விடுகிறவர்கள் எல்லாரும் பதிவு செய்ய வேண்டும் என்றது. 2017 மே மாதம் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாதிரி விமானங்களுக்கு அது செல்லாது என்றது. வழக்குப் போட்டு வென்றது ஒரு தனிமனிதர், சங்கமல்ல. அதே ஆண்டு டிசம்பரில் நாடாளுமன்றம் பதிவைத் திரும்பக் கொண்டுவந்தது. சங்கம் இருந்தால் எல்லாவற்றையும் தடுத்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 2018 சட்டத்தின்படி, பொழுதுபோக்காகப் பறக்கிறவர் அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் பாதுகாப்பு விதிகளைப் பின்பற்ற வேண்டும். அந்த அமைப்புகளில் ஏ.எம்.ஏ.வும் ஒன்று. 2024 மார்ச் 16 முதல், பதிவு செய்ய வேண்டிய எந்த விமானமும் தன் அடையாளத்தை ரேடியோ அலையில் சொல்லிக்கொண்டே பறக்க வேண்டும் என்ற விதியை எஃப்.ஏ.ஏ. கண்டிப்பாக அமல்படுத்தத் தொடங்கியது. அந்தக் கருவி இல்லாமல் பழைய பால்சா விமானங்களைப் பறக்கவிட எஃப்.ஏ.ஏ. ஒப்புக்கொண்ட இடங்கள் உண்டு. அந்த இடங்களுக்கு விண்ணப்பிக்கக் கல்வி நிறுவனங்களுக்கும் இத்தகைய அமைப்புகளுக்கும்தான் உரிமை. நானோ நீங்களோ தனியாக மனுப் போட முடியாது.

யாருக்குத் தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 250 கிராமுக்குக் குறைந்த ஃபோம் விமானத்தைப் பிள்ளையோடு திறந்த வெளியில் விடுகிறவருக்கு இந்தச் செலவு அவசியமில்லை. எஃப்.ஏ.ஏ.வின் இலவசத் தேர்வை எழுதிவிட்டு, சங்கத்தின் விதிகளைப் படித்து அதன்படி நடந்தால் போதும். உறுப்பினராக வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. அருகில் கிளப்பே இல்லாத ஊரில் இருப்பவருக்கும் பெரிய பலன் கிடைக்காது. எஞ்சின் வைத்த விமானம், பெரிய விமானம், கனமான கிளைடர் என்று போகிறவர்கள் சேர வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

அமெரிக்க ஊர்களில் சனிக்கிழமை காலை பள்ளி மைதானத்தில் தனியாக நிற்கும் நம் ஊர்ப் பையன்களை இப்போதும் பார்க்கிறேன். கையில் புது விமானம், முகத்தில் நான் அன்று போட்ட அதே கணக்கு. அவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். சந்தாவைப் பற்றிப் பிறகு யோசியுங்கள். முதல் சனிக்கிழமை பக்கத்துக் கிளப் எங்கே இருக்கிறது என்று விசாரித்து, விமானத்தை வீட்டிலேயே வைத்துவிட்டு, ஒரு நாற்காலியை மட்டும் எடுத்துக்கொண்டு போங்கள்.