நடுமடிப்பில் போன முகம்

நேற்று பரணைச் சுத்தம் செய்தபோது நம் பள்ளியின் முதல் ஆண்டு மலர் கிடைத்தது. அதைப் பார்த்ததும் ஒரு பழைய கடன் நினைவுக்கு வந்தது.

ஆசிரியர் பயிற்சியில் பாடத்திட்டம் எழுதவும் கரும்பலகையில் கோணாமல் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். பக்க வடிவமைப்பு யார் கற்றுக்கொடுத்தார்கள்? அச்சகத்துத் தம்பி, "சார், கட்டர் எவ்வளவு விடலாம்?" என்று கேட்டார். "பள்ளிக்கூட வாசல்லேயே ஒண்ணு ஓடுதே தம்பி, இன்னொண்ணு எதுக்கு?" என்றேன். மலர்க்குழுப் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். இரண்டு பக்கம் சேரும் இடத்தில், பைண்டிங்குக்காக விடும் வெற்றிடம்தான் கட்டர் என்று அன்றுதான் தெரிந்தது.

பிறகு பிள்ளைகளோடு நானும் மாணவன் ஆனேன். எதிரெதிரே விரியும் இரு பக்கங்கள் ஸ்ப்ரெட். பக்க எண் ஃபோலியோ. படத்துக்குக் கீழே வரும் வரி கேப்ஷன். படத்தைத் தாளின் ஓரம் வரை கொண்டுபோக வேண்டுமென்றால் வெட்டும் கோட்டைத் தாண்டி 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட வேண்டும், அது ப்ளீட். ஒரு பெரிய தாளை மூன்று முறை மடித்தால் 16 பக்கம், அது ஒரு பாரம். செய்தித்தாளை மடித்து எண் போட்டு, பிரித்துப் பார்த்தோம். 1-க்குப் பக்கத்தில் 16, 8-க்குப் பக்கத்தில் 9. "சார், எந்த ஜோடியைக் கூட்டினாலும் 17 வருது!" என்று கத்தினாள் ஒருத்தி. அதைவிட நல்ல கணக்குப் பாடம் நான் நடத்தியதில்லை.

அவளேதான் புரூஃப் பார்த்தபோது, "சார், குரூப் போட்டோ ரெண்டு பக்கத்துல வருது. நடுவுல ஒருத்தன் நிக்கிறானே?" என்று கேட்டாள். கம்ப்யூட்டர் திரையில் படம் முழுசாகத்தான் தெரிந்தது. "அதெல்லாம் சரியா வரும்மா" என்று சொல்லிவிட்டேன்.

48 பக்கம், பக்கவாட்டில் பின் அடித்து அட்டை ஒட்டி வந்தது. 38 பிள்ளைகளில் 37 முகம்தான் இருந்தது. நடுவில் நின்றவன் மடிப்புக்குள் போய்விட்டான். அவன் ஒன்றும் கேட்கவில்லை. கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, புத்தகத்தை அமுக்கி அமுக்கி விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். முதுகு பிளந்து தாள்கள் கையோடு வந்துவிட்டன. நான் பார்த்தும் பார்க்காததுபோல வகுப்பை நடத்தினேன்.

மறு வருடம் பிள்ளைகள் இரண்டு விதி எழுதி ஒட்டினார்கள். மடிப்பில் முகம் வரக்கூடாது. வருகைப் பதிவேட்டை வைத்து ஒவ்வொரு பெயரையும் டிக் செய்த பிறகுதான் மலர் அச்சுக்குப் போக வேண்டும். நான் ஓய்வு பெறும்வரை அந்த விதி மாறவில்லை. ஆனால் அவனிடம் மட்டும் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை.

மலருக்குள் அந்தப் படத்தின் அசல் பிரதியும் இருந்தது. இத்துடன் இணைத்திருக்கிறேன். இரண்டாம் வரிசையில், நட்ட நடுவில், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு சிரிப்பது நீதான் தம்பி. சாரை மன்னித்துவிடு.