இறக்கி வைக்கும் வரை

வலுதூக்குதல் போட்டிக்குப் பயிற்சி எடுக்கிறேன் என்று சொன்னால், கேட்பவர்கள் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே உயர்த்திக் காட்டி, "இப்படியா?" என்பார்கள். அது பளுதூக்குதல், ஒலிம்பிக்கில் காட்டுவது. வலுதூக்குதலில் கம்பி தலைக்கு மேலே போவதே இல்லை. மூன்று வேலைகள்தாம். கம்பியைத் தோளின் பின்புறம் ஏற்றிக்கொண்டு குந்தி எழுவது ஸ்குவாட். பெஞ்சில் மல்லாந்து படுத்து, கம்பியை நெஞ்சுவரை இறக்கி மேலே தள்ளுவது பெஞ்ச் பிரஸ். தரையில் கிடக்கும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்பது டெட்லிஃப்ட். ஒவ்வொன்றுக்கும் மூன்று வாய்ப்புகள். ஒவ்வொன்றிலும் தூக்கிய அதிகபட்ச எடையைக் கூட்டினால் வருவது உங்கள் மொத்தம்.

சரவாக்கைச் சேர்ந்த போனி புன்யாவ் குஸ்தின் 2021இல் தோக்கியோ பாராலிம்பிக்கில் 228 கிலோ தூக்கித் தங்கம் வென்றார். 2024இல் பாரீசிலும் வென்றார். அவரால்தான் நம் நாட்டில் பலருக்கு இந்த விளையாட்டின் பெயராவது தெரியும். ஆனால் பாராலிம்பிக்கில் இருப்பது பெஞ்ச் பிரஸ் மட்டும்தான். மூன்றும் சேர்ந்த போட்டி ஒலிம்பிக்கில் கிடையாது. 1972இல் தொடங்கப்பட்ட அனைத்துலகச் சம்மேளனம் ஒன்று அதற்கான விதிகளை வைத்திருக்கிறது. அந்த விதிகளின்படியே தொழிற்பேட்டைக் கிடங்குகளிலும் கடைவீட்டு ஜிம்களிலும் சிறு போட்டிகள் நடக்கின்றன. நான் போனதும் அப்படி ஒன்றுக்குத்தான். பரிசுப்பணம் கிடையாது. நாம்தான் பணம் கட்டிச் சேரவேண்டும்.

இதைச் சொன்னபோது அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். "காசு குடுத்து மூட்ட தூக்கப் போறியா?"

நியாயமான கேள்வி. எங்கள் வீட்டுப் பெண்கள் காசுக்காகத் தூக்கியவர்கள். பாட்டி கெடாவில், சுங்கைப்பட்டாணிப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால்மரம் வெட்டினார். விடியுமுன் பெரட்டு, பிறகு நிரை. மங்குகளில் சேர்ந்த பாலை வாளிகளில் ஊற்றி, கம்பின் இரு முனையிலும் மாட்டி, தோளில் வைத்துக்கொண்டு ஸ்டோருக்கு நடக்கவேண்டும். காண்டா வாளி என்பார்கள். ஸ்டோரில் பாலை நிறுப்பார்கள், கிராணி புத்தகத்தில் எழுதுவார். பாலுக்குத்தான் கணக்கு. அதைச் சுமந்துகொண்டு ஏறி இறங்கிய மேட்டுக்கும் நடந்த தூரத்துக்கும் கணக்கில்லை. பாட்டியின் வலது தோளில், கழுத்தை ஒட்டி, தோல் தடித்துக் கருத்திருக்கும். சின்ன வயதில் அதை விரலால் அழுத்தி விளையாடுவேன். "வலிக்குதா பாட்டி?" என்றால், "அது செத்துப்போன எடம்யா" என்று சிரிப்பார்.

தோட்டத்தை விட்டு கிள்ளானுக்கு வந்த பிறகு எங்கள் குடும்பத்தில் யாரும் தோளில் எதையும் சுமந்ததில்லை. அப்பா லோரி ஓட்டினார். நான் கணக்கு எழுதும் வேலைக்குப் போனேன். 2019இல் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் போயின. பேச்சு பாதி போனது. அப்பா அப்போது 80 கிலோ.

படுத்தவரைப் பார்த்துக்கொள்வதில் பாதி தூக்குகிற வேலை என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டவேண்டும், இல்லாவிட்டால் படுக்கைப்புண் வரும். காலையில் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்கு, நாற்காலியிலிருந்து குளியலறைக்கு, மறுபடி கட்டிலுக்கு. பழைய கைலி ஒன்றை அவர் இடுப்பைச் சுற்றிக் கட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். என் முட்டியால் அவர் முட்டிக்கு முட்டுக் கொடுப்பேன். அம்மாதான் எண்ணுவார். "ஒண்ணு, ரெண்டு, மூணு." இரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் அம்மா அலாரம் இல்லாமலே எழுந்துவிடுவார்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தை மேசையில் வைத்துவிட்டு, "பாவம், இந்தப் புள்ளைக்கு எவ்ளோ சுமை" என்பார்கள். அவர் காதுபடத்தான். வாய்தான் போயிருந்தது, காது நன்றாகவே கேட்டது. அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். சுமை என்ற சொல் அன்றிலிருந்து எனக்கு ஆகாமல் போயிற்று.

2021 இறுதியில் அப்பா போனார். காரியமெல்லாம் முடிந்த பிறகுதான் என் முதுகு வலிக்கத் தொடங்கியது, அதுவரை காத்திருந்ததுபோல. குனிந்தால் நிமிர முடியவில்லை. பயிற்சி மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, ஓய்வெடுக்கச் சொல்வார் என்று நினைத்தால், எடை தூக்கிப் பழகச் சொன்னார். முறையாகத் தூக்கினால் முதுகு தேறும் என்றார்.

சாப்பாட்டுக் கடை ஒன்றின் மாடியில் இருந்த ஜிம்முக்குப் போனேன். கீழே வதக்கும் சம்பல் நெடி மாடிவரை வரும். பயிற்சியாளர் நாற்பது வயதைத் தாண்டிய சீனப் பெண். முதல் இரண்டு வாரம் கம்பியையே தொடவிடவில்லை. துடைப்பக் கட்டையை முதுகோடு சேர்த்துப் பிடிக்கச் சொன்னார். பின்தலை, மேல்முதுகு, இடுப்புக்குக் கீழே என்று மூன்று இடத்திலும் கட்டை ஒட்டியிருக்கவேண்டும். எந்த இடமும் விலகாமல், இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனியவேண்டும். பிறகு மூச்சு. வயிறு முழுக்கக் காற்றை நிரப்பி, யாரோ குத்த வருவதுபோல இறுக்கிக்கொள்வது. பிறகுதான் கம்பி. கணைக்காலை உரசிக்கொண்டு ஏறவேண்டும், உடம்பைவிட்டு விலகினால் அதே எடை இரண்டு மடங்காய்த் தெரியும்.

எட்டாவது மாதம் ஒரு மாலை அவர் இரண்டு பக்கமும் சிவப்புத் தட்டு ஒவ்வொன்றைப் போட்டார். அது 25 கிலோ. பக்கத்தில் 5 கிலோ தட்டு ஒவ்வொன்று. கம்பி மட்டும் 20. கணக்கு எழுதுகிறவள் என்பதால் கூட்டாமல் இருக்க முடியாது. 80.

தூக்கினேன். அப்பாவைவிட லேசாக இருந்தது. கம்பி இரண்டு பக்கமும் சமமானது, ஒரு பக்கமாகச் சாயாது. அதற்கு வலிக்குமோ என்று பயப்பட வேண்டியதில்லை. தூக்கப்படுகிறோமே என்று அது கூசுவதுமில்லை. இறக்கி வைத்துவிட்டு நின்றேன். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் கேட்கவில்லை. "இன்னும் ஒரு தடவை," என்றார் மலாயில். இன்னும் ஒரு தடவை தூக்கினேன்.

தமிழில் தூக்குவது வேறு, சுமப்பது வேறு. தூக்குவதற்கு ஒரு தொடக்கமும் முடிவும் இருக்கின்றன. சுமப்பது தொடர்ந்துகொண்டே இருப்பது. ஊர்க்கதைகளில் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் போட்டுப் பெண் கட்டுகிறவர்கள் ஆண்கள். பெண்ணுக்குச் சொல்லப்பட்டதெல்லாம் சுமப்பது. தண்ணீர்க் குடம், விறகு, பிள்ளை.

2017இல் பாட்டியின் பூர்வீகத்தைத் தேடி முசிறிப் பக்கம் போயிருந்தபோது சாலையோரம் ஒரு கல்லைப் பார்த்தேன். இரண்டு கற்களை நட்டு, மேலே ஒரு கல்லைப் படுக்க வைத்திருந்தார்கள். பெஞ்ச் என்று நினைத்து உட்காரப் போனேன், உயரம் ஒத்துவரவில்லை. கூட வந்தவர், "சுமைதாங்கிம்மா" என்றார். தலைச்சுமையோடு நடப்பவர்கள், இறக்கிவிட ஆள் இல்லாதபோது, அப்படியே அதன்மேல் சுமையைச் சாய்த்துவிட்டு இளைப்பாறலாம். அதற்குத்தான் அந்த உயரம். வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாக வைப்பார்களாம். இறக்கி வைக்க முடியாமல் போனவளின் பெயரில், மற்றவர்கள் இறக்கி வைத்துக்கொள்ள ஒரு கல். அப்போது அதைப் படம் பிடித்துக்கொண்டதோடு சரி.

போட்டிக்குப் பெயர் கொடுத்த பிறகு பன்னிரண்டு வாரப் பயிற்சி. படங்களில் காட்டுவதுபோல் கத்திக்கொண்டு தூக்குவது அதில் மிகவும் குறைவு. பெரும்பாலும் சலிப்புத்தான். வாரத்துக்கு மூன்று நாள், அதே மூன்று அசைவுகள். முதலில் ஐந்து ஐந்தாக, பிறகு மூன்றாக, கடைசியில் ஒற்றையாக. எடை 2.5 கிலோ கூடும். சில வாரம் அதுவும் கூடாது. கடைசி வாரம் வேலையைக் குறைத்து உடம்பை ஆறவிடவேண்டும். அதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. கல்யாண வீட்டில் ஓர் அத்தை என் தோளைத் தட்டிப் பார்த்து, "இப்படியே போனா ஆம்பள மாதிரி ஆயிருவ லா" என்றார். பதிலாக அவர் தூக்க முடியாமல் நின்ற அரிசி மூட்டையை எடுத்துக் காரில் வைத்துக் கொடுத்தேன். அதற்கப்புறம் ஒன்றும் சொல்லவில்லை.

போட்டியன்று, தூக்குவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே எடை பார்க்கத் தொடங்குகிறார்கள். தனி அறை, பெண் அதிகாரி. 74.6 கிலோ. 76 கிலோ பிரிவு. எழுதிக்கொண்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "அடுத்தவங்க" என்றார். என் எடையைக் கேட்டுவிட்டு எந்த யோசனையும் சொல்லாத முதல் ஆள் அவராகத்தான் இருக்கவேண்டும்.

மேடையில் மூன்று நடுவர்கள், எதிரே ஒருவர், பக்கத்துக்கு ஒருவர். மூன்று விளக்குகளில் இரண்டு வெள்ளையாவது எரிந்தால்தான் தூக்கியது செல்லும். பெயரைக் கூப்பிட்டதிலிருந்து ஒரு நிமிடத்துக்குள் தொடங்கவேண்டும். ஆனால் நம் இஷ்டத்துக்கு அசைய முடியாது. ஸ்குவாட்டில் கம்பியோடு அசையாமல் நின்று, நடுவர் சொன்ன பிறகே குந்தவேண்டும். இடுப்பு மடிப்பு முட்டிக்கு மேல்பகுதியைவிடக் கீழே இறங்கவேண்டும். எழுந்த பிறகும் அவர் சொன்னால்தான் கம்பியைத் தாங்கியில் வைக்கலாம். பெஞ்ச் பிரஸ்ஸில் கம்பி நெஞ்சின்மேல் அசையாமல் கிடக்கும். "பிரஸ்" என்று கேட்கும்வரை தள்ளக்கூடாது. அந்த ஒரு நொடியில் கூரையில் எத்தனை விளக்கு என்று எண்ணிவிடலாம்.

ஸ்குவாட்டில் 80, 87.5, 92.5. கடைசிக்கு இரண்டு வெள்ளை, ஒரு சிவப்பு. பெஞ்ச் பிரஸ்ஸில் 40, 42.5 போயின. 45 பாதிவழியில் நின்றுவிட்டது. பக்கத்தில் நின்ற பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு முன்னால் தூக்கிய மலாய்க்காரப் பெண் என் முதுகில் ஓங்கித் தட்டி, "டெட்லிஃப்ட் இருக்கு" என்றாள். அவள் எனக்குப் போட்டியாளர். அந்த அரங்கில் ஒருவரும் அடுத்தவர் தோற்கவேண்டும் என்று கத்தவில்லை. எல்லோருக்கும் எதிரி கம்பிதான்.

டெட்லிஃப்ட்டில் 105, 115 ஏறின. மூன்றாவதாக 120 எழுதிக் கொடுத்தோம். பயிற்சியில் அதைத் தொட்டதில்லை. கம்பியையும் பூட்டுகளையும் கழித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு சிவப்பு, ஒரு நீலம், ஒரு சின்னக் கறுப்புத் தட்டு. குனிந்து பிடித்து இழுத்தேன். கொஞ்ச நேரம் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு தரையை விட்டது. முட்டியைத் தாண்டும்போது கண் இருண்டது. நிமிர்ந்துவிட்டேன்.

டெட்லிஃப்ட்டில் நிமிர்வதோடு வேலை முடிவதில்லை. தோள் பின்னால், முட்டி நேராக, அசையாமல் நிற்கவேண்டும். நடுவரின் கை கீழே இறங்கி, "டவுன்" என்ற சொல் வரும்வரை நிற்கவேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் செல்லாது. சொன்ன பிறகு கைவிட்டுப் போட்டாலும் செல்லாது. இரண்டு கையாலும் கட்டுப்பாட்டோடு தரைவரை கொண்டுபோய் வைத்தால்தான் அது தூக்கியது. சொல் வந்தது. வைத்தேன். மூன்று வெள்ளை.

மொத்தம் 255. ஆறு பேரில் ஐந்தாவது இடம்.

அம்மா கடைசி வரிசையில், பிளாஸ்டிக் நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மைலோ பாக்கெட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினார். சந்தோஷப்பட்டாரா, தெரியவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்தாளு சொன்னாத்தான் எறக்கணுமா?"

"ஆமாம்மா."

"சொல்லலேன்னா?"

"சொல்லுவாரு. சொல்லித்தான் ஆகணும்மா. அதான் ரூல்."

அம்மா தலையாட்டினார். அப்பா போய் மூன்று வருடமாகிறது. இன்னும் இரவு இரண்டு மணிக்கு எழுந்து, காலியாக இருக்கும் அந்த அறையின் விளக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு வந்து படுக்கிறார். இனி எழுந்திருக்க வேண்டாம் என்று நான் பலமுறை சொல்லியிருக்கிறேன். ஆனால் எழுந்து பார்க்கச் சொன்னது நான் இல்லையே, நான் சொல்லி எப்படி நிற்கும்?

காரில் ஏறியதும் கேட்டார்.

"அந்த சின்னக் கம்பி இருக்குமில்ல, தட்டெல்லாம் போடாம. அது எத்தன கிலோ?"

"இருபதும்மா."

"அவ்ளோதானா?" என்றார். பிறகு வீடு வரும்வரை ஒன்றும் பேசவில்லை. மடியில் கிடந்த கைகளை மட்டும் இரண்டு மூன்று முறை மடக்கி விரித்துப் பார்த்துக்கொண்டார்.